தாலி ஏறும் வரை

இடுப்பில் கட்டியிருந்த பைக்குள் ஃபோன் மறுபடியும் அதிர்ந்தது. சுகந்தி கொசுவத்தை விடவில்லை. விரல்கள் அவை பாட்டுக்கு மடித்துக்கொண்டிருந்தன. ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் வருஷக்கணக்காக நின்று பழகிய விரல்கள், அவற்றுக்கு யோசனை தேவையில்லை, ஒரு மடிப்பு, அடுத்த மடிப்பு, ஜரிகை ஓரம் ஓரத்தோடு சேர்கிறதா என்று கட்டைவிரலே பார்த்துக்கொள்ளும். யோசனை முழுக்க வயிற்றின்மேல் துடித்துக்கொண்டிருந்த அந்தச் சின்னப் பெட்டியில் இருந்தது. அது அவளுடைய ஃபோன் இல்லை. எதிரே கண்ணாடியைப் பார்த்தபடி கைகளைப் பக்கவாட்டில் தூக்கி நின்றுகொண்டிருக்கிற கல்யாணப் பெண் தாரணியின் ஃபோன். மணப்பெண்ணிடம் ஃபோன் இருக்கக் கூடாது, பயிற்சியில் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே அதுதான். "முகூர்த்தம் முடியற வரைக்கும் பொண்ணு கையில ஃபோன் கெடையாது," என்று பிரமிளா மேடம் வகுப்பில் மேஜையைத் தட்டிச் சொல்வாள். "பழைய சிநேகிதன் மெசேஜ் போடுவான். எவளாவது புடவை எடுப்பா இல்லைன்னு எழுதுவா. வர முடியலைன்னு ஒரு அத்தை அழுவா. அத்தனையும் நீங்க வாங்கி வெச்சுக்கணும். நீங்க பொண்ணுக்கு நிழல், புரியுதா?" நிழல் என்பதுதான் அந்த வேலைக்குக் கம்பெனியில் பெயர். கல்யாணம் நடத்திக் கொடுக்கும் தொழிலில் அதுதான் கடைசிப் பயிற்சி, அதை ஒழுங்காகச் செய்துவிட்டால் அப்புறம் தனியாக ஒரு மண்டபத்தையே நம்பி ஒப்படைப்பார்கள். சுகந்திக்கு இன்று முதல் தடவை. காலையில் கறுப்புச் சுடிதாரை மாட்டிக்கொண்டு, குண்டூசி, டிஷ்யூ, உறிஞ்சுகுழல், தலைவலி மாத்திரை எல்லாம் அடைத்த பையை இடுப்பில் கட்டிக்கொண்டபோது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வாங்கி வெச்சுக்கணும் என்றால் எதை வாங்கி வைத்துக்கொள்வது என்று அப்போது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. மழை பெய்தால் என்ன செய்வது, கரண்ட் போனால் என்ன செய்வது, மாப்பிள்ளையின் சித்தப்பா குடித்துவிட்டு வந்தால் எப்படி ஓரம் கட்டுவது என்று நடித்துக்கூடக் காட்டினார்கள், சுகந்திதான் சித்தப்பாவாக நடித்தாள், எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

முதல் தடவை அதிர்ந்தபோது எடுத்திருக்கவே கூடாது. திரையில் 'குரங்கு' என்று வந்தது, யாரோ தோழி என்று நினைத்துச் சிரிப்புக்கூட வந்தது. அறை வாசலுக்கு வெளியே நடைபாதையில் நின்று எடுத்தாள். "அக்கா," என்றது ஒரு பையன் குரல், அழுகையை விழுங்கி விழுங்கித் தேய்ந்து போன குரல். "அக்கா, அப்பா உன்னையக் கேக்கறாருக்கா. இனி ஒண்ணும் பண்ண முடியாதுங்கறாங்க. ஒரே ஒருவாட்டி பேசிருக்கா, காதுகிட்ட வெக்கறேன்." அவள் சட்டென்று, "அக்கா இல்லீங்க, நான் மண்டபத்துல வேலை பாக்கறவ," என்றாள். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. "அக்காகிட்டக் குடுங்க," என்றான். "இருங்க," என்றாள். இருங்க. எவ்வளவு சுலபமாக வாயில் வந்துவிட்டது, கடையில் கூட்ட நேரத்தில் ஆயிரம் பேரிடம் சொல்லிப் பழகிய இருங்க. அந்த இருங்க இன்னும் அங்கே ஆஸ்பத்திரியில் கட்டில் பக்கத்தில் காத்துக்கொண்டிருக்கிறது, அதுதான் திரும்பத் திரும்பப் பையில் வந்து அதிர்கிறது. அப்போதே நேராக உள்ளே வந்து ஃபோனைத் தாரணி கையில் கொடுத்திருந்தால்? கால்கள் உள்ளே வரவில்லை. பழக்கப்பட்ட கால்கள், எது நடந்தாலும் மேற்பார்வையாளரைத் தேடிப் போகிற கால்கள், அவை நடைபாதையைத் தாண்டிப் பிரமிளா மேடத்திடம் போய் நின்றன. பிரமிளா அவளைச் சாமான் அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்ப் பெண்ணின் தாய்மாமனைக் கூப்பிட்டனுப்பினாள். தேங்காய் மூட்டைக்கும் வாழை இலைக்கட்டுக்கும் நடுவே அந்த மனிதர், வேலுச்சாமி என்று பெயர், பட்டு வேட்டியும் நெற்றியில் சந்தனமுமாக நின்று கேட்டுக்கொண்டார். தாரணிக்கு அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள், அப்பா இல்லாத மேடையில் இவரும் இவர் மனைவியும்தான் தாரை வார்த்துக் கொடுக்க உட்கார வேண்டியவர்கள். கேட்டு முடித்ததும் தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அது அழுகையா என்று சுகந்திக்குத் தெரியவில்லை, சத்தம் இல்லை, வயிறு மட்டும் ஏறி இறங்கியது.

"அம்மிணி, இது வெளிய போகக் கூடாது," என்றார் துண்டை எடுத்த பிறகு. குரல் சாதாரணமாக இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. "மச்சான் நேத்தே எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாரு. எனக்கு என்ன ஆனாலும் சரி, புள்ளை கழுத்துல தாலி ஏறிப்போடணும்னாரு. இப்ப இவ காதுல விழுந்தா எந்திரிச்சு ஓடிப்போயிருவா. போய்ச் சேர்றதுக்குள்ள அவரு போயிட்டாருன்னா தீட்டு. கல்யாணம் நின்னு போயிரும். நின்னு போச்சுன்னா அதுக்கப்பறம் இந்தப் புள்ளைய என்ன பேசுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?" தெரியும். சுகந்திக்கு நன்றாகவே தெரியும், எந்த ஊரில் பேசமாட்டார்கள். "பேச மட்டுமாவது வைக்கலாமேங்க," என்று அவள் சொன்னாள், இல்லை, சொல்ல நினைத்தாள், சொன்னாளா என்பதே இப்போது சந்தேகமாக இருக்கிறது, உதடு அசைந்தது ஞாபகம் இருக்கிறது. பிரமிளாதான் அவள் முழங்கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தாள். "குடும்பத்து முடிவு குடும்பத்தோடது, சுகந்தி. நம்ம வேலை கல்யாணத்தை நடத்திக் குடுக்கறது. உள்ள போ, மொகத்தை நல்லா வெச்சுக்கோ. ஃபோன் உங்கிட்டயே இருக்கட்டும். ஆஃப் பண்ணாத, வேற யாராச்சும் கூப்பிட்டு ஏன் ஆஃப்னு தேட ஆரம்பிச்சிருவாங்க." மொகத்தை நல்லா வெச்சுக்கோ. முகத்தை எங்கே வைப்பது. கடையில் இருந்தவரை முகம் தானாகவே இருந்தது, பட்டுப்புடவைக்கு மேலே ஒரு முகம், யாரும் அதைப் பார்ப்பதில்லை, புடவையைத்தான் பார்ப்பார்கள். இங்கே கண்ணாடி இருக்கிறது. கண்ணாடிக்குள் தாரணியின் இடுப்புக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருக்கிற அந்தக் கறுப்புச் சுடிதார்க்காரியின் முகம் எண்ணெய் வடிந்து கோணலாக இருக்கிறது, எந்த நேரத்திலும் தாரணி குனிந்து அதைப் பார்த்துவிடலாம்.

"டைட்டா இருக்குக்கா," என்றாள் தாரணி. சுகந்தி கையைத் தளர்த்தினாள். எதை இவ்வளவு இறுக்கிப் பிடித்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஃபோன் நின்றுவிட்டது. நின்றுவிட்டால் ஒரு பயம், அதிர்ந்தால் ஒரு பயம். அதிர்ந்தால் இருக்கிறார், இன்னும் கேட்கிறார் என்று அர்த்தம், நின்றுவிட்டால் என்ன அர்த்தம். அந்தப் பையன் சலித்துப் போயிருக்கலாம், டாக்டர் உள்ளே வந்திருக்கலாம், இல்லை. இல்லை என்று எதைச் சொல்கிறாய், யார் உனக்குச் சொன்னது. அவர் நேற்று சத்தியம் வாங்கினாரே, தாலி ஏறணும் என்று அவரே சொன்னாரே, அவர் சொன்னபடிதானே நடக்கிறது, அப்புறம் உனக்கென்ன. ஆனால் அது நேற்று. நேற்று சொன்னவர் எழுந்து உட்கார்ந்து பேசுகிற மனிதர், மகள் மேடையில் நிற்பதை மனசில் பார்த்துக்கொண்டு சொன்னவர். இன்றைக்குக் கேட்கிறவர் வேறு ஆள். இவருக்கு மேடை தெரியாது, மண்டபம் தெரியாது, மகள் குரல் மட்டும் வேண்டும். ஒரே மனிதர் இரண்டு விதமாகக் கேட்டால் எந்த மனிதரின் பேச்சைக் கேட்பது. கடைசியாகச் சொன்னதைத்தானே கேட்க வேண்டும், கடையில்கூட அப்படித்தான், வாடிக்கையாளர் பச்சை என்று சொல்லிவிட்டுக் கடைசியில் நீலம் என்றால் நீலத்தைத்தான் கட்டிக் கொடுக்க வேண்டும். சீ, புடவையா இது. மேக்கப்காரப் பெண் தாரணியின் இமைக்கு மேலே எதையோ ஒட்டிக்கொண்டிருந்தாள், "கண்ணை அசைக்காதீங்க, தண்ணி வந்துச்சுன்னா மொத்தமும் போயிரும்," என்றாள், தாரணி அசைக்காமல் நின்றாள், சுகந்தி எழுந்து போய் மேஜையிலிருந்த சாத்துக்குடிச் சாற்றில் உறிஞ்சுகுழலைப் போட்டு உதட்டுச் சாயம் கலையாதபடி அவள் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள். தாரணி குடித்தாள். குடித்துவிட்டு, "எவ்வளவு நல்லாப் பாத்துக்கறீங்கக்கா," என்றாள்.

சுகந்தியின் கை நடுங்கி டம்ளரிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. டீ. அன்றைக்கு அது டீ. ஆடித் தள்ளுபடி நாள், கடையில் நிற்க இடமில்லை, பெண்கள் ஃபோனையெல்லாம் காலையிலேயே வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள். பரமேஸ்வரி என்கிற அந்த மேற்பார்வைக்காரி, தண்ணீர் குடிக்கப் போனால்கூடப் பின்னாலேயே வந்து நிற்கிறவள், அன்று மத்தியானம் தன் கையால் டீயும் ஒரு வடையும் கொண்டுவந்து கொடுத்தாள். "காலு வலிக்குதா? செத்த உக்காரு," என்றாள். சுகந்திக்குப் பெருமையாக இருந்தது, மற்ற பெண்கள் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். அந்த டீ கொடுத்த தெம்பில் மத்தியானம் முழுக்கச் சிரித்துச் சிரித்து விற்றாள், ஒரு மாம்பழ நிறப் பட்டைத் தன் தோளிலேயே போட்டுக் காட்டி, "எனக்கே கட்டிக்கணும் போல இருக்குங்க," என்றாள், வந்திருந்த கல்யாண வீட்டார் அத்தனை பேரும் சிரித்தார்கள். அதே நேரத்தில் தாராபுரத்தில் அம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்திருப்பார்கள். ஷட்டரை இறக்கின பிறகுதான் பரமேஸ்வரி சொன்னாள், காலையிலேயே ஃபோன் வந்துவிட்டது, சீஸன் நேரம், ஆள் இல்லை, நீ போய் மட்டும் என்ன ஆகப்போகிறது, உயிர் போயிடுச்சே. அதற்கப்புறம் எத்தனை வருஷம், அம்மா முகத்தை நினைக்கப் போனால் அந்த மாம்பழப் பட்டுதான் முதலில் வந்து நிற்கும், அதற்குமேலே பல்லைக் காட்டிக்கொண்டு தன் முகம். பரமேஸ்வரி செத்தால் எட்டிப் பார்க்கக் கூடாது என்று அவள் சபதம் போட்டிருந்தாள். அந்த டீயைக் கொண்டுவந்தபோது அவளுக்குக் கை நடுங்கியதா? டம்ளர் தளும்பியதா? ஞாபகத்தைப் பிழிந்து பிழிந்து பார்க்கிறாள், தளும்பியது போலத்தான் இருக்கிறது. நாம் நினைப்பதால் தளும்புகிறதோ. அன்றைக்கு அம்மா ஏற்கெனவே போய்விட்டிருந்தாள், சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அம்மாவுக்கு ஒன்றுமில்லை, அப்படிச் சொல்லித்தான் கொஞ்சம் கொஞ்சமாக ஆறிக்கொண்டாள். இங்கே அந்தச் சமாதானம்கூடக் கிடையாது. இவர் இருக்கிறார். கேட்கிறார். இப்போது, இந்த நிமிஷம், உறிஞ்சுகுழல் உதட்டில் படும் இந்த நிமிஷத்தில் கேட்கிறார். பரமேஸ்வரியே நம்மைவிட மேல்.

சொல்லிவிடு. தாரணி, உங்க அப்பா லைன்ல இருக்காரு, பேசுங்க. அவ்வளவுதான், ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். சொல்லிப் பார்த்தாள் உள்ளுக்குள். தாரணி ஃபோனைப் பிடுங்குகிறாள், முகம் மாறுகிறது, கண்ணில் ஒட்டினது பிய்ந்து தொங்குகிறது, இத்தனை கனமான புடவையோடு வாசலுக்கு ஓடுகிறாள், கொசுவம் காலில் மாட்டி விழுகிறாள், மாமா ஓடி வருகிறார், மாப்பிள்ளை வீட்டார் எழுந்து நிற்கிறார்கள், நாதஸ்வரம் பாதியில் நிற்கிறது. கார் போய்ச் சேர்வதற்குள் அவர் போய்விடுகிறார். மகளும் வரவில்லை, தாலியும் ஏறவில்லை, இரண்டும் இல்லாமல் போய்விடுகிறார். அதற்குக் காரணம் யார், நேற்றுவரை இந்தக் குடும்பத்தை யாரென்றே தெரியாத ஒருத்தி. நீ யாரடி அதைச் செய்ய என்று அந்த மாமா கேட்டால் பதில் இல்லை. சொல்லாமல் இருக்க மட்டும் நீ யார் என்று இந்தப் பெண் ஒருநாள் கேட்டால் அதற்கும் பதில் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் நீ யார் என்கிற கேள்வி வந்து நெஞ்சில் முட்டுகிறது, தன் சொந்த வாழ்க்கையில்கூட யாரும் அவளை இவ்வளவு தடவை கேட்டதில்லை. இந்தப் பயிற்சிக்குச் சேரும்போது பிரமிளா மேடம் கேட்டாள், எதுக்கு இந்த வேலை என்று. சுகந்தி சொன்னாள், கடையில் எத்தனையோ பெண்களுக்குக் கல்யாணப் புடவை விரித்துக் காட்டிவிட்டேன், ஒருத்தியையும் அதைக் கட்டிக்கொண்டு மேடையில் நிற்கிறபோது பார்த்ததில்லை, பார்க்கணும் என்று. பிரமிளாவுக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துப் போயிற்று, மற்றவர்களிடமெல்லாம் சொன்னாள். இப்போது பார்க்கிறாய் அல்லவா, நன்றாகப் பார்.

மேக்கப்காரப் பெண் தூரிகைகளைக் கழுவ வெளியே போனாள். கதவு சாத்திக்கொண்டது. அறையில் இரண்டே பேர். மல்லிகை வாசனையும் முடிக்கு அடித்த மருந்து வாசனையும் சேர்ந்து தலை சுற்றியது. "அப்பா யாராச்சும் கூப்பிட்டாங்களாக்கா என் ஃபோன்ல?" என்றாள் தாரணி கண்ணாடியைப் பார்த்தபடியே. அப்பா, யாராச்சும் என்று இரண்டையும் கலந்து கேட்டாள், எதைக் கேட்பதென்று பயந்து வார்த்தை குழம்பிப் போனது போலிருந்தது. அந்தச் சமயம் பார்த்துப் பை அதிர்ந்தது. சுகந்தி எழுந்து திரும்பி நின்றுகொண்டு ஃபோனை வெளியே எடுத்தாள். குரங்கு. குரங்கு என்ற எழுத்துக்கள் ஈரமாகத் தெரிந்தன. கொடுத்துவிடு என்றது ஒரு கை. உள்ளே போடு என்றது இன்னொரு கை. இரண்டு கையும் அவளுடையதுதான். கொடுக்கவும் இல்லை, உள்ளே போடவும் இல்லை, கட்டைவிரல் பச்சையைத் தொட்டு இழுத்துவிட்டது. ஏன் அப்படிச் செய்தாள் என்று அதற்குப் பிறகு எத்தனையோ முறை கேட்டுக்கொண்டாயிற்று, கட்டைவிரல்தான் செய்தது என்பதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஃபோனை உள்ளங்கையில் கவிழ்த்து, வாய் வைத்துப் பேசுகிற முனை தாரணிப் பக்கம் இருக்கும்படி பிடித்துக்கொண்டு, அவள் பின்னால் போய் முந்தானை மடிப்பைச் சரிசெய்வது போல நின்றாள். பேசட்டும். இவளுக்குத் தெரிய வேண்டாம், அவருக்குக் கேட்டால் போதும். எதையாவது பேசட்டும். "அப்பான்னா ரொம்பப் பிரியங்களா உங்களுக்கு?" என்று கேட்டாள். குரல் தன்னுடையது மாதிரியே இல்லை, நாடகத்தில் பேசுகிறவள் குரல் மாதிரி சத்தமாக வந்தது.

தாரணி சிரித்தாள். "பிரியமா? ஆளைக் கண்டாலே எனக்குக் கோவம்தான் வருது." "எப்பப் பாத்தாலும் புடிவாதம். மாத்திரை போடுங்கன்னா போடமாட்டாரு. பயணம் வேண்டாம்னா ராத்திரியெல்லாம் காரோட்டிப் பத்திரிகை வெக்கப் போவாரு. இப்பப் பாருங்க, எனக்குன்னு ஒரு நாளு, அன்னைக்குப் போய்ப் படுத்துக்கிட்டாரு. நேத்து ஃபோன்ல என்ன கேட்டாரு தெரியுமா, சாப்பிட்டியான்னு. அவ்வளவுதான். வர முடியலையே கண்ணுன்னு ஒரு வார்த்தை சொல்லலாமில்ல? அதுகூட இல்லை." நிறுத்து, நிறுத்து, நிறுத்து என்று சுகந்தி உள்ளே கத்தினாள். விரல் சிவப்பைத் தேடியது, கவிழ்த்துப் பிடித்திருந்ததில் எது எங்கே என்று தெரியவில்லை, திருப்பினால் கண்ணாடியில் தெரிந்துவிடும். "இல்லீங்க, மனசுல இருக்கும், ஆம்பளைங்களுக்குச் சொல்ல வராது," என்று எதையோ உளறினாள், திசை திருப்ப. "உங்களுக்குச் சின்ன வயசுல என்னவெல்லாம் வாங்கிக் குடுப்பாருங்க?" என்றாள். தாரணி அந்தக் கேள்வியைக் காதிலேயே வாங்கவில்லை. "நான் அவரை மன்னிக்கவே மாட்டேன் பாருங்க. ரிசப்ஷனுக்கு வேட்டி கட்டுங்கன்னேன், பேண்ட்டுதான்னு சண்டை. இப்ப எதுவும் போட வேண்டாம்னு ஆகிப்போச்சு." நிறுத்தினாள். கண்ணாடிக்குள் அவள் உதடு கொஞ்சம் கோணியது, கண்ணில் ஒட்டினது போய்விடக் கூடாதே என்று மேலே பார்த்தாள், விசிறியைப் பார்த்தாள். "எனக்குக் காலே வரலைக்கா. அவரு கையப் புடிச்சுக்காம எப்படி மேடை ஏறறதுன்னு தெரியலை. சின்னப் புள்ளையா இருக்கறப்ப ரோட்டைத் தாண்டறப்பக்கூடக் கண்ணை மூடிக்குவேன், அவரு புடிச்சிருக்காருன்னு." உள்ளங்கைக்குள் ஃபோன் சூடாக இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து என்ன வருகிறது என்று காதில் வைத்துக் கேட்க முடியவில்லை. எவ்வளவு கேட்டது, எதிலிருந்து கேட்டது, கோவம்தான் வருது என்பது கேட்டதா, மன்னிக்கவே மாட்டேன் என்பதோடு போய்விட்டதா, கண்ணை மூடிக்குவேன் என்பது வரை இருந்தாரா. கதவு திறந்தது. "ரெடியா? கூப்பிடறாங்க," என்றாள் பிரமிளா. சுகந்தி திரும்பினாள், கையைத் தாழ்த்தினாள், ஃபோனைப் பார்த்தாள். அழைப்பு அறுந்திருந்தது. எப்போது அறுந்தது என்று தெரியவில்லை.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் தண்ணீருக்குள்ளிருந்து பார்ப்பது மாதிரி நடந்தது. தாரணியின் ஒரு பக்கம் மாமன் மனைவி, ஒரு பக்கம் தோழிகள், பின்னால் புடவை தரையில் புரளாதபடி தூக்கிப் பிடித்துக்கொண்டு சுகந்தி. நிழல். வரிசை வரிசையாக நாற்காலிகள், விசிறிக் காற்றில் படபடக்கிற பட்டுகள், காபி வாசனை, யாரோ ஒரு குழந்தையின் பலூன் வெடித்துப் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள், பலூனுக்குத் திரும்புகிற இத்தனை தலைகளில் ஒன்றுகூட இவளைப் பார்த்து என்னவென்று கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும். முகம் நன்றாகத்தான் இருக்கிறது போலிருக்கிறது. மேடைப் படியில் தாரணி ஒரு கணம் நின்றாள், கையை நீட்டினாள், யாரைத் தேடிய கையோ, மாமன் மனைவி அதைப் பிடித்து ஏற்றிவிட்டாள். வேலுச்சாமி உட்கார்ந்திருந்தார். அவருடைய மேல்சட்டைப் பையில் ஒரு ஃபோன் வெளிச்சம் போட்டு அணைந்ததைச் சுகந்தி பார்த்தாள். அவர் எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போட்டார், குனிந்து தாரை வார்க்கிற செம்பைச் சரியாகத் திருப்பி வைத்தார். அந்தத் திருப்பி வைத்ததில் தெரிந்துவிட்டது. இவ்வளவு கூட்டத்தில் அவருக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்துவிட்டது. அவர் நிமிர்ந்து அவளைத் தேடிக் கண்டுபிடித்து ஒரு தடவை பார்த்தார், உதவி கேட்கிற கண், இவ்வளவு பெரிய மனிதர் நம்மிடம் உதவி கேட்கிறாரே, நாம் என்ன செய்ய, அவள் தலை குனிந்துகொண்டாள். கெட்டிமேளம் என்று யாரோ கையை உயர்த்தினார்கள். மேளம் விழுந்தது. மஞ்சள் அரிசி எல்லாப் பக்கமும் பறந்தது, சுகந்தியின் கையிலும் யாரோ ஒரு பிடி திணித்திருந்தார்கள், அவளும் எறிந்தாள். எறிந்த கையைப் பிறகு சுடிதாரில் துடைத்துக்கொண்டாள். புடவையைக் கட்டிக்கொண்டு மேடையில் நிற்கிற பெண்ணைப் பார்த்தாயிற்று.

மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் மாமா தாரணியிடம் சொன்னார். கதவுக்கு வெளியே நின்ற சுகந்திக்கு வார்த்தை கேட்கவில்லை, அவர் குரலின் ஏற்ற இறக்கம் மட்டும் கேட்டது, அப்புறம் அதுவும் நின்றது. அழுகைச் சத்தம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பிரமிளா பக்கத்தில் வந்து நின்று அவள் தோளில் கை வைத்தாள். "நல்லாப் பண்ணிட்டே. பயந்துட்டிருந்தேன், வாயைத் தொறந்துருவியோன்னு. அடுத்த முகூர்த்தத்தை நீயே தனியாப் பாத்துக்கலாம்," என்றாள். அதில் கிண்டல் இல்லை, உண்மையான அன்புதான், அவள் கண்ணும் சிவந்துதான் இருந்தது. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஃபோனைக் குடுக்கறதுக்கு முன்னாடி வந்த ஃபோன்கால் எல்லாத்தையும் அழிச்சிரு. பாத்தா மனசு தாங்காது," என்றாள். சுகந்தி ஃபோனை எடுத்தாள். குரங்கு, குரங்கு, குரங்கு என்று சிவப்பில் ஒரு வரிசை, ஆரம்பத்தில் ஒன்றும் நடுவே ஒன்றும் மட்டும் சிவப்பில்லாமல். அழித்துவிடலாம். அழித்துவிட்டால் அந்தப் பெண் அறையில் உளறினதெல்லாம் சும்மா ஒரு வேலைக்காரியிடம் உளறினது ஆகிவிடும், யாருக்கும் தெரியாது. தம்பிக்குத் தெரியும், அவன் என்றைக்காவது சொல்லுவான், இல்லை சொல்லாமலே போவான். அழிக்காவிட்டால். விரல் திரைக்கு மேலே நின்றது. தைரியம் என்றெல்லாம் ஒன்றுமில்லை, அழிக்கவும் முடியவில்லை, அழிக்காமல் இருக்கவும் முடியவில்லை, அதற்குள் கதவு திறந்து தாரணி வெளியே வந்துவிட்டாள். மாலை இல்லை. புதுத்தாலி மட்டும் ஜாக்கெட்டின்மேல் மஞ்சளாகக் கிடந்தது. சுகந்தியைப் பார்த்துக் கையை நீட்டினாள். சுகந்தி ஃபோனை அந்தக் கையில் வைத்தாள்.

வாசலில் கார் ஸ்டார்ட் ஆகி நின்றது, மல்லிகைச் சரம் சுற்றிய அதே கல்யாணக் கார், வேறு கார் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. மாப்பிள்ளை முன்னால் ஏறினான், தாரணி பின்னால் மாமாவுக்குப் பக்கத்தில். சுகந்தி புடவை கதவில் மாட்டாமல் உள்ளே மடித்து வைத்தாள், அது மட்டும்தான் இப்போது அவளுக்குச் செய்யத் தெரிந்தது. கண்ணாடி இறங்கியிருந்தது. தாரணி ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இத்தனைவாட்டி கூப்பிட்டிருக்கான்," என்றாள். திரையை விரலால் தள்ளினாள். "இதுல ரெண்டு பேசியிருக்கு. ரெண்டாவது, மேடைக்கு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி." நிமிர்ந்தாள். கண்ணில் ஒட்டினது ஒட்டினபடி இருந்தது, அதற்குள்ளிருந்து பார்த்தாள். "யாரு பேசினது?" மாமா சட்டென்று திரும்பிச் சுகந்தியைப் பார்த்தார். என்ன சொல்வது, நான்தான் என்று சொன்னால் முடிந்துவிடும், ஒரு சின்னப் பொய், இத்தனை மறைத்ததோடு இன்னும் ஒன்று. வாய் திறந்தது. "நீங்கதாங்க," என்றாள். "நீங்கதாங்க பேசினீங்க." தாரணிக்குப் புரியவில்லை. புருவம் சுருங்கியது, என்ன சொல்றீங்க என்று கேட்க உதடு பிரிந்தது, டிரைவர் அதைக் கவனிக்கவில்லை, வண்டி நகர்ந்துவிட்டது. சுகந்தி நாலடி கூடவே ஓடினாள், எதைச் சொல்ல ஓடினாள் என்று தெரியாமலே ஓடி, கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றுவிட்டாள். பின் கண்ணாடி வழியாகத் தாரணி திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். தெரு முனையில் பஸ் ஒன்றுக்கு வழிவிட்டுக் கார் நின்றது. அப்போது அந்த முகம் மாறியது, அவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்தது, அந்த அறையில் தான் என்னென்ன சொன்னோம் என்று ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துப் பார்க்கிற முகம். எதை முதலில் எடுப்பாளோ, எதிலேயே நின்றுவிடுவாளோ. சுகந்தி கையை உயர்த்தினாள், எதற்கென்று தெரியாமல் உயர்த்தின கை. பஸ் கடந்து போனது, கார் திரும்பி மறைந்தது.